அலகா, பொட்டா, முட்டைக்கோஸா? பரிணாமப் பாடத்துக்கு எந்தச் செயல்பாட்டைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாடு பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 19-ஆவது பாடம் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’. மரபியலை முடித்து அங்கே போய்ச் சேரும்போது அரையாண்டுத் தேர்வு வாசலில் நிற்கும். அதனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம் என்பது நமக்கே தெரியும். லாமார்க்குக்கு ஒரு பத்தி, டார்வினுக்கு ஒரு பத்தி, அமைப்பு ஒத்த உறுப்பு (அமைப்பு ஒன்று, வேலை வேறு), செயல் ஒத்த உறுப்பு (வேலை ஒன்று, அமைப்பு வேறு), எச்ச உறுப்பு (பயனிழந்து மிஞ்சியது) என்று மதிப்பெண் வரும் இடங்களில் கோடு போடச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நகர்ந்தேன்.

பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பாடத்துக்கு மட்டும் பிடிவாதமாகக் குழுச் செயல்பாடு வைத்துப் பார்க்கிறேன். போன மாதம் பயிற்சி வகுப்பில் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை, “மிஸ், எனக்குக் கிடைக்கிறது ரெண்டு பீரியடு. அதுல ஒண்ணே ஒண்ணு செய்யணும்னா எதைச் செய்யட்டும்?” என்று கேட்டார். அங்கேயே பதில் சொல்ல முயன்று குழம்பிவிட்டேன். நிதானமாக எழுதிப் பார்த்தால் தெளியும் என்று தோன்றியது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவு, நேரம், பிள்ளைகளின் உற்சாகம் எல்லாம் முக்கியம்தான். ஆனால் எனக்கு முதல் கேள்வி வேறு. பாடம் தொடங்கும் முன்பே நம் பிள்ளைகள் மனதில் ஒரு பரிணாமக் கொள்கை இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து ஏன் நீளம் என்று கேட்டுப் பாருங்கள். “உயரத்துல இருந்த இலையை எட்டி எட்டிச் சாப்பிட்டதால” என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். தேவைப்பட்டது, முயன்றது, மாறியது. டார்வினுக்கு முன் லாமார்க் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். லாமார்க்கைப் படிக்காமலேயே எல்லோரும் லாமார்க் கட்சி. அதில் பிள்ளைகளின் குற்றம் எதுவும் இல்லை. முயன்றால் முன்னேறலாம் என்று தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லிக்கொடுப்பதே நாம்தானே. ஆகவே ஒவ்வொரு செயல்பாட்டைப் பற்றியும் நான் கேட்பது இதைத்தான்: அது இந்த எண்ணத்தை அசைக்கிறதா, இல்லை நமக்குத் தெரியாமலேயே உரம் போடுகிறதா?

அலகு விளையாட்டு

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். நானும் இதில்தான் தொடங்கினேன். ஆளுக்கு ஒரு கருவி, அதுதான் அலகு. துணிக்கிளிப், ஸ்பூன், ஹேர்பின், வீட்டில் பாட்டி வைத்திருக்கும் முள்வாங்கி. ஒரு டம்ளர்தான் வயிறு. தட்டில் ராகி, கொள்ளு, நிலக்கடலை, புளியங்கொட்டை நான்கையும் கலந்து கொட்டி, முப்பது வினாடிக்குள் கருவியால் மட்டுமே பொறுக்கி டம்ளரில் போட வேண்டும். குறைவாகப் பொறுக்கியவர் பட்டினியில் சாவு. அடுத்த சுற்றில் தட்டிலிருந்து சிறு தானியங்களை எடுத்துவிட்டால் வறட்சி வந்துவிட்டது என்று பொருள்.

நம் பகுதிக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொருள்கள் எல்லாம் சமையலறையிலேயே கிடைக்கும், செலவு ஏறக்குறைய இல்லை. கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு ‘கிளிமூக்கு’ என்றாலே அலகு கண்முன் வந்துவிடும். மாம்பழத்துக்கே அப்படிப் பெயர் வைத்த ஊர். அதைவிடப் பெரிய வசதி, இந்த விளையாட்டுக்குப் பின்னால் உண்மையாகவே அளந்து பார்த்த கதை ஒன்று இருக்கிறது. காலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் பல பத்தாண்டுகள் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டார்கள். 1977-இல் மழை பொய்த்தது. எளிதில் கிடைக்கும் சிறு விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகள்தான் மிச்சம். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்தில் நூற்றுக்குச் சுமார் 85 குருவிகள் இல்லாமல் போயின. பிழைத்தவற்றில் தடித்த அலகுக்காரக் குருவிகளின் பங்கு கூடியது. அவற்றின் குஞ்சுகளுக்கும் முந்தைய தலைமுறையைவிடச் சராசரியாகச் சுமார் அரை மில்லிமீட்டர் தடித்த அலகு. பிறகு 1982–83-இல் எல் நினோ பெருமழை வந்து சிறு விதைகள் மலிந்தபோது காற்று திரும்பி வீசியது. சிறிய அலகுக்கு ஆதாயம்.

அந்த வறட்சியில் பெரிய அலகுக் குருவிகள் உடைத்துத் தின்ற முள்விதை எது தெரியுமா? நெருஞ்சி. நம் காட்டில் செருப்பைக் குத்தும் அதே செடி இல்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடி. ஒரு நெருஞ்சிக்காயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, “இதை நீ வாயால உடைக்கணும்” என்று சொன்னபோது வகுப்பு முழுவதும் தாடையைத் தடவிக்கொண்டது. ஐந்து நிமிடப் பேச்சில் வராத புரிதல் அந்த ஒரு காயில் வந்தது.

இவ்வளவு இருந்தும் இதை நான் முதலிடத்தில் வைக்கவில்லை. காரணம் இரண்டாம் வருடம் நடந்த ஒரு சின்னச் சம்பவம். ஸ்பூன் வைத்திருந்த ஒரு மாணவி முதல் சுற்றில் நான்கு கொட்டைதான் எடுத்தாள். மூன்றாம் சுற்றில் பதினொன்று. எப்படி என்று கேட்டேன். “பழகிடுச்சு மிஸ்” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அன்று இரவு விடைத்தாள் திருத்தும்போதுதான் உறைத்தது. ‘பறவைகள் மீண்டும் மீண்டும் முயன்றதால் அவற்றின் அலகு உணவுக்கேற்ப மாறியது’ என்று பாதி வகுப்பு எழுதியிருந்தது. நான் எதைத் துடைக்க நினைத்தேனோ அதையே விளையாட்டாக்கி, பரிசும் கொடுத்து, மனதில் ஆணியடித்திருக்கிறேன்.

பிழை பிள்ளைகளிடம் இல்லை, விளையாட்டின் அமைப்பில் இருக்கிறது. கருவியைப் பிடித்திருப்பது ஒரு மனிதக் கை. கை பழகும், தந்திரம் கண்டுபிடிக்கும், பக்கத்துத் தட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அலகுக்கு இதெல்லாம் கிடையாது. இன்னொரு பிழை நானே செய்தது. ஒரு குழு முழுக்கக் கிளிப், இன்னொரு குழு முழுக்க ஸ்பூன் என்று பிரித்துவிட்டேன். அப்படிச் செய்தால் அது கபடிப் போட்டி மாதிரி ‘எங்க டீம், உங்க டீம்’ ஆகிவிடுகிறது. ஒரே கூட்டத்துக்குள் வேறுபாடு இருக்கிறது, அந்த வேறுபாட்டில்தான் இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவது) நடக்கிறது என்ற அடிப்படையே காணாமல் போகிறது. ஒரு குழுவுக்குள்ளேயே நான்கு வகை அலகும் இருக்க வேண்டும்.

சரிசெய்ய வழி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் கருவி வேறு ஆள் கைக்குப் போக வேண்டும். ‘இறந்தவர்’ ஒதுங்கி உட்காரக் கூடாது. பிழைத்தவரின் பிள்ளையாக, அவர் வைத்திருந்த அதே கருவியோடு அடுத்த சுற்றில் வர வேண்டும். இதற்குக் கூடுதலாகக் கருவிகள் தேவை. அதையும் கவனித்து, நாற்பது பேரையும் மேய்த்து, எண்ணிக்கையையும் எழுதுவது ஒரே ஆசிரியருக்குப் பெரும்பாடு. உதவிக்கு இன்னொருவர் இருந்தால் இது அருமையான விளையாட்டு. தனியாளுக்கு ஆபத்தான விளையாட்டு.

புடவையும் பொட்டும்

இது பார்க்க அவ்வளவு கவர்ச்சியாக இராது. பூப்போட்ட பழைய புடவை இரண்டு, பஞ்சிங் மெஷின் ஒன்று, நான்கு நிறச் சார்ட் பேப்பர். ஐந்தரை மீட்டர்ப் புடவையை நான்காகக் கிழித்தால் நான்கு குழுவுக்கு ஆயிற்று; எட்டுக் குழுவுக்கு இரண்டு புடவை. ஒன்று செங்கல் நிறத்தில் அச்சிட்டது, இன்னொன்று பச்சை இலை அச்சு. முதல் நாளே பிள்ளைகளிடம் சார்ட்டைக் கொடுத்தால் மடித்து மடித்துத் துளை போட்டு ஆயிரக்கணக்கில் பொட்டு சேர்த்துவிடுவார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை. புடவை வீட்டிலிருந்து வந்தால் மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

விதிகள் எளியவை. குழுவுக்கு ஐந்து பேர். துணியை மேசையில் விரித்து, நிறத்துக்கு இருபது வீதம் எண்பது பொட்டுகளைத் தூவுகிறோம். இவைதான் பூச்சிகள். நான்கு பேர் பறவைகள், ஐந்தாமவர் கணக்கர். ஒவ்வொரு பறவையும் திரும்பி நின்று, ‘இப்போது’ என்றதும் துணியைப் பார்த்து, முதலில் கண்ணில் பட்ட ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி திரும்ப வேண்டும். இப்படி ஆளுக்குப் பதினைந்து. அறுபது போக இருபது பொட்டு மிஞ்சும். மிஞ்சிய ஒவ்வொன்றும் தன் நிறத்திலேயே மூன்று குட்டி போடும். இருபதும் அறுபதும் சேர்ந்து மறுபடி எண்பது. கணக்கு எப்போதும் எண்பதில் வந்து நிற்பதால் தப்பு நடந்தால் உடனே தெரிந்துவிடும். கணக்குப் பாடத்துக்குப் பயப்படும் பிள்ளைகூடக் கணக்கராக உட்கார்ந்துவிடலாம்.

சென்ற ஆண்டு செங்கல் நிறப் புடவைக் குழு ஒன்றில் முதல் தலைமுறை முடிவில் சிவப்பு 32, மஞ்சள் 20, பச்சை 20, வெள்ளை 8. மூன்றாம் தலைமுறை முடிவில் சிவப்பு 48, மஞ்சள் 20, பச்சை 12, வெள்ளை பூஜ்யம். அதே இருபது, இருபதில் தொடங்கிய பச்சைப் புடவைக் குழுக்களில் பச்சை மேலே ஏறிவிட்டது. இரண்டு அட்டவணையையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியதும் கேட்டேன்: “எந்தப் பொட்டு நிறம் மாறிச்சு?”

வகுப்பு யோசித்தது. கொஞ்ச நேரம் ஆனது. “எதுவுமே மாறல மிஸ்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான். “அப்புறம் எப்படித் துணி மேல இருக்கிற கூட்டம் செவப்பாச்சு?” அதற்கு அவனிடம் பதில் இருந்தது, தேர்வில் எழுதத் தெரியாவிட்டாலும் இருந்தது.

இந்த விளையாட்டை நான் உயர்த்திச் சொல்வதற்கு ஒரே காரணம் அதுதான். தாள்பொட்டு பழகாது. அதற்குத் தேவை இல்லை, ஆசை இல்லை, தந்திரம் இல்லை. முயற்சி என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லாததால் லாமார்க் உள்ளே நுழையக் கதவு கிடைப்பதில்லை. தனி உயிர் மாறவில்லை, கூட்டத்தின் விகிதம் மாறுகிறது என்பதை வாயால் விளக்கிப் பாருங்கள், பத்து முறை சொன்னாலும் ஏறாது. இங்கே எண்பது பொட்டைக் கையால் எண்ணி எண்ணிப் பிள்ளைகளே அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு நன்மை எதிர்பாராமல் கிடைத்தது. ஒரு குழுவில் செங்கல் புடவையிலேயே சிவப்பு முதல் சுற்றில் அடிவாங்கிவிட்டது. தூவும்போது எப்படியோ நிறையச் சிவப்புப் பொட்டு வெள்ளைப் பூவின் மேல் போய் விழுந்திருக்கிறது. “எங்களுக்குத் தப்பா வந்துடுச்சு மிஸ், மறுபடி ஆடட்டுமா?” என்று கேட்டார்கள். வேண்டாம், எழுதுங்கள் என்றேன். தற்செயலுக்கும் இயற்கையில் பங்கு உண்டு, கூட்டம் சிறியதாக இருந்தால் அந்தப் பங்கு பெரிது. இது புத்தகத்தில் இல்லாத பாடம். அதைவிடப் பெரிய தற்செயல் அடுத்த பீரியடில் வந்தது. புழுக்கம் தாங்காமல் யாரோ ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டார்கள். எட்டு மேசைப் பூச்சிகளும் ஒரே நேரத்தில் பறந்தன. கத்தத்தான் வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பெண், “புயல் வந்தா செவப்பு, பச்சைன்னு பாக்காது” என்று சொல்லிவிட்டாள். அதையும் கரும்பலகையில் எழுதினோம். (ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.)

முதலில் தாளுக்குப் பதில் உண்மையான தானியத்தையே செம்மண் தரையில் தூவிப் பார்த்தேன். கொள்ளு நம் செம்மண்ணில் மறைந்தே போகும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பட்டாணி பெரிது, கொள்ளு சிறிது. பிள்ளைகள் நிறம் பார்த்து எடுத்தார்களா, பருமன் பார்த்து எடுத்தார்களா என்று சொல்ல முடியவில்லை. ஒன்றைத் தவிர மற்றெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று செய்முறை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நானே அதை மறந்துவிட்டேன். பஞ்சிங் மெஷின் பொட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

இதற்கும் பின்னால் மெய்யான கதை உண்டு. இங்கிலாந்தின் மிளகுப்புள்ளி அந்துப்பூச்சி, வழக்கமாக வெளிர் நிறம். மான்செஸ்டரில் 1848-இல் ஒரு கருப்பு அந்து பதிவானது. ஆலைப்புகை மரங்களைக் கருப்பாக்க, 1895 வாக்கில் அந்தப் பகுதியில் நூற்றுக்கு 98 கருப்பாகிவிட்டன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு மரங்கள் வெளுக்க, கருப்பு குறைந்துகொண்டே போனது. பறவை தின்பதுதான் காரணமா என்று சிலர் ஐயப்பட்டபோது, மைக்கேல் மெஜெரஸ் என்பவர் 2001 முதல் கேம்பிரிட்ஜில் ஆறேழு வருடம் 4,864 அந்துகளை விட்டுப் பார்த்து, ஆம், பறவைதான் என்று காட்டினார். பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளையாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் சொன்னால் விடை தெரிந்த புதிராகிவிடும்.

கதையைக் கேட்டுவிட்டு ஒருவன் கேட்டான்: “எங்க ஊர்ல கிரஷர் பக்கம் இலையெல்லாம் வெள்ளையா இருக்கு மிஸ். அங்க வெள்ளைப் பூச்சி ஜாஸ்தி ஆகுமா?” கல்குவாரி ஊர்க்காரனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். வெள்ளைப் பூச்சி அங்கே முன்பே கொஞ்சமாவது இருக்க வேண்டும், வெள்ளை நிறம் பிள்ளைகளுக்கு இறங்க வேண்டும், பறவை கண்ணால் பார்த்துத் தின்ன வேண்டும். இந்த மூன்றில் எது இருக்கிறது என்று நீ போய்ப் பார் என்றேன். போய்ப் பார்த்தானா தெரியாது. ஆனால் மூன்று நிபந்தனையும் அவன் நோட்டில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சாவு மட்டும்தான் இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் வரும். துணை தேடுவது, அதிகம் குட்டி போடுவது எல்லாம் வெளியே நின்றுவிடும். புது நிறம் பிறப்பதே இல்லை. கடைசிச் சுற்றில் ஓர் ஊதாப் பொட்டை நுழைத்து, அது திடீர் மாற்றம் (மரபுப்பொருளில் தானாக நேரும் மாற்றம்) என்று சொல்லிப் பார்த்தேன். சுமாராகத்தான் போனது.

ஓசூர் மூட்டை

மூன்றாவது செயல்பாடு காய்கறி. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இவை விளையாத தோட்டம் குறைவு. அங்கிருந்து வரும் லாரியைப் பார்க்காத பிள்ளை நம் பகுதியில் இல்லை. இவற்றோடு பீட்ரூட், முள்ளங்கி இரண்டையும் சேர்த்துக் குழுவுக்கு ஒரு தொகுப்பு கொடுத்து, ‘இதில் யார் யாருக்குச் சொந்தம்?’ என்று கேட்க வேண்டும். முதல் முறை கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் நூக்கலையும் பீட்ரூட்டையும் அண்ணன் தம்பி ஆக்கிவிடும். இரண்டும் உருண்டை. பிறகு குறுக்கே வெட்டி, வெளியே இலைத்தழும்பு எங்கே இருக்கிறது, எது தண்டு, எது வேர், எது மொட்டு என்று வரைய வைக்க வேண்டும். முட்டைக்கோஸ் ஒரு மாபெரும் நுனிமொட்டு. காலிஃபிளவர் விரியாத பூங்கொத்து. நூக்கல் பருத்த தண்டு. மூன்றும் ஒரே இனம். ஐரோப்பியக் கடலோரக் காட்டுச் செடி ஒன்றிலிருந்து மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த வம்சம். பீட்ரூட் கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, முள்ளங்கி தூரத்துச் சொந்தம். தோற்றத்தை வைத்து உறவு சொல்லக் கூடாது என்பதை இதைவிட அழுத்தமாக எந்தப் படமும் சொல்லாது. செயல் ஒத்த உறுப்பு, அமைப்பு ஒத்த உறுப்பு இரண்டையும் பறவைச் சிறகு, வௌவால் சிறகு என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு உருண்டையான காயில் அந்தக் குழப்பம் கைக்கே வந்துவிடுகிறது.

அடுத்து வரும் 20-ஆவது பாடம் இனக்கலப்பு. அதற்கும் இதுவே முன்னுரை ஆகிவிடும். டார்வினும் 1859-இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தன் நூலின் முதல் அத்தியாயத்தில் புறா வளர்ப்போரைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறார். மனிதன் பொறுக்கி எடுத்து இவ்வளவு மாற்ற முடிகிறதென்றால் இயற்கையால் எவ்வளவு முடியும் என்பதுதான் அவர் வழி.

சிக்கலும் அதே இடத்தில்தான். இங்கே பொறுக்கியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நோக்கம் இருக்கிறது. இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால், இயற்கைக்கும் யாரோ ஒரு தோட்டக்காரர் இருக்கிறார் என்று பிள்ளைகள் முடிவுகட்டுவார்கள். அதனால் தனியாக வேண்டாம், பொட்டு விளையாட்டுக்குப் பின்னால் வைக்கலாம். செலவு குழுவுக்கு ஐம்பது, அறுபது ரூபாய் பிடிக்கும். விலை ஏறிய மாதத்தில் கூடுதல். வெட்டிய காய் வீணாகாது, எங்கள் சத்துணவு அக்கா, “பாடம் முடிஞ்சுதா?” என்று வாசலில் வந்து நின்றுவிடுவார்.

கிருஷ்ணகிரி என்றாலே மாம்பழம்தானே, அதை வைத்துச் செய்யலாமே என்று எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். தோட்டத்தில் நிற்கும் பெங்களூரா (கிளிமூக்கு) மரங்கள் எல்லாம் ஒட்டுச்செடி, ஒன்றின் நகல்கள். வேறுபாடே இல்லாத கூட்டத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது? வேறுபாட்டைக் காட்ட வேண்டுமென்றால் சாலையோரப் புளியமரம் போதும். கொட்டையில் முளைத்த மரங்கள். மரத்துக்கு மரம் புளியின் நீளம் வேறு, வளைவு வேறு, புளிப்பும் வேறு. ஆளுக்கு ஐந்து புளியம்பழம் அளந்து வரச் சொல்லி வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டால் இருநூறு அளவு சேர்ந்துவிடும். எந்தச் செயல்பாட்டைத் தேர்ந்தாலும் அதற்கு முந்தைய நாள் இதைச் செய்யலாம்.

கயிறும் கல்லும்

நான்காவது கயிறு. 46 மீட்டர்க் கயிறு ஒன்று. பத்துக் கோடி ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்றால் பூமியின் 460 கோடி ஆண்டும் அடங்கிவிடும். மைதானத்தில் விரித்து, குழுவுக்கு நான்கைந்து அட்டை கொடுத்து உரிய இடத்தில் கட்டச் சொல்ல வேண்டும். இந்த முனையை இன்று என்று வைத்துக்கொண்டால், உயிரின் பழைய தடயங்கள் 35-ஆவது மீட்டரில். நாம் நிற்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகள் சுமார் 25-ஆவது மீட்டரில். விலங்குகள் பெருகிய கேம்பிரியன் காலம் வெறும் ஐந்தரை மீட்டரில். டைனோசர்கள் அழிந்தது 66 சென்டிமீட்டரில். நம் மனித இனம் மூன்று மில்லிமீட்டர். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணித்தார்களே, அது இந்தக் கயிற்றில் ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. கயிற்றின் ஓரத்தில் குனிந்து அந்த மூன்று மில்லிமீட்டரைத் தேடும் பிள்ளைகளைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

ஆனால் இது காலத்தைக் காட்டும், வழிமுறையைக் காட்டாது. எப்போது என்பதற்குப் பதில் கிடைக்கும். எப்படி என்பதற்குக் கிடைக்காது. ‘குரங்கிலிருந்து மனிதனா?’ என்று வாதாட வரும் வகுப்புக்கு ஓரளவு மருந்து, அவ்வளவுதான். வெயில் ஏறும் முன் முதல் பீரியடில் முடித்துவிட வேண்டும்.

புதைபடிவம் பார்க்கக் கூட்டிப்போகலாமே என்று சிலர் கேட்பார்கள். நம் பாறைகளில் தேடிப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் விலங்குகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே வெந்து உருமாறிய கல் அது. கிரானைட் பலகை வரும், நத்தை ஓடு வராது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும் அரியலூர் சுற்று ஊர்களிலும்தான் கிரெடேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) கடலின் அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓட்டுக் கடலுயிர்களின் புதைபடிவங்கள். சேலம், பெரம்பலூர் வழியாகப் போக இருநூறு கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை கிளம்பினால் இரவு திரும்பலாம். பஸ் வாடகை, பெற்றோர் ஒப்புதல், அனுமதிக் கடிதம் எல்லாம் அமைந்தால் போய் வாருங்கள். அது சுற்றுலா, ரெண்டு பீரியடுக்கான விடை இல்லை.

சரி, எதைச் செய்வது?

காவேரிப்பட்டணம் மிஸ்ஸுக்கு: புடவையும் பொட்டும். முதல் பீரியடில் மூன்று தலைமுறை, இரண்டாவதில் வரைபடமும் ‘எது மாறியது?’ என்ற கேள்வியும். விளையாட்டு உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும் கவலைப்படாதீர்கள். சிரிப்பும் கூச்சலும் அலகு விளையாட்டில்தான் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுவாரம் ஒட்டகச்சிவிங்கிக் கேள்வியை மறுபடி கேட்டபோது, “நீளக் கழுத்து இருந்தது பிழைச்சுது, அதோட குட்டி நிறைய ஆச்சு” என்ற பதில் பொட்டு எண்ணிய வகுப்பிலிருந்துதான் எனக்கு வந்தது. எல்லோரிடமிருந்தும் வரவில்லை. பாதிப் பேர் இன்னும் எட்டி எட்டித்தான் சாப்பிட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு பீரியடு எப்படியாவது கிடைத்தால் காய்கறி. வகுப்பில் இருபது பேருக்குள் இருந்து, உதவிக்கு ஒருவரும் கிடைத்தால் மட்டும் அலகு. அதுவும் கருவி கைமாறும் விதியோடு. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை வானவில் மன்றத்தில் (அரசுப் பள்ளிகளுக்கான நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டம்) எளிய சோதனைகள் செய்து பழகிய பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தால் வேலை இன்னும் சுலபம். குழுவாக உட்காரவும் எண்ணி எழுதவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓசூரில் சிபிஎஸ்இ பள்ளிகளில் இருக்கும் நண்பர்களுக்கு நிலைமை வேறு. என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து 2023-இல் பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் மறுபடி வருகிறது. பாடத்தில் இல்லாததற்கு இரண்டு பீரியடு கேட்டால் கிடைக்காது. அவர்களுக்குக் காய்கறி பொருந்தும் என்று நினைக்கிறேன். மரபுப் பண்புகள் பாடத்தின் கீழேயே வெட்டிவிடலாம்.

எனக்கு இந்த வருடம் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. அலகு விளையாட்டில் பழகும் கையை எப்படி நீக்குவது? பொறுக்காமல், சல்லடையை அலகாக்கிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை: கண் அளவு வேறுவேறான நான்கு சல்லடை, மேலே கலந்த தானியம், ஐந்து குலுக்கு. சல்லடை பழகாது. வீட்டில் ராகிச் சல்லடையும் மாவுச் சல்லடையும் இருக்கின்றன. இன்னும் இரண்டு அளவு கிடைக்குமா என்று சந்தையில் பார்க்க வேண்டும்.